சேப்பாக்கத்துக் கலாசாலைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் மே மாதம் வந்துவிட்டால், மேற்கு மாம்பலத்தில் ஆரிய கௌடா சாலையிலும், அயோத்தியா மண்டபத்து வாசலிலும், ரயில் நிலையத்து நடைமேடையிலும், எந்தப் பிள்ளைக்கு எத்தனை கட்-ஆஃப், எந்தக் கல்லூரியில் எந்தப் பொறியியல் பிரிவு, முடித்தவுடன் எந்தக் கம்பெனியில் என்ன சம்பளம் என்பவற்றைத் தவிர வேறு விஷயம் பேசப்படுவதில்லை. தமிழையோ சம்ஸ்கிருதத்தையோ, சரித்திரத்தையோ தத்துவத்தையோ கற்க வேண்டுமென்று விரும்பும் பிள்ளையின் ஆசை, அதைக் கேட்கும் பெரியவர்களின் மௌனத்திலேயே அடங்கிப் போகிறது. வாடகையும் வைத்தியச் செலவும் ஆண்டுதோறும் ஏறிவரும் இந்நகரத்தில், மாதச் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்தும் பெற்றோர் பிள்ளையின் ஜீவனோபாயத்தைப் பற்றிக் கவலை கொள்வது இயல்பே. அவர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஆயினும், இதே மாம்பலத்தில் மாலை வேளையில் ராமாயண உபந்நியாசத்துக்கும் திவ்வியப் பிரபந்த சேவைக்கும் திருவாசக முற்றோதலுக்கும் திரளாகக் கூடி அமர்கின்ற நாம், அந்த நூல்களின் சொற்களுக்கு நிச்சயமான பொருள் கண்டவர்கள் யார், அவற்றின் சுவடிகள் எங்கெங்கே உள்ளன என்று தேடிக் குறித்து வைத்தவர்கள் யார், அவற்றைப் பாடியவர்கள் வாழ்ந்த காலத்து அரசர்களையும் ஊர்களையும் கல்வெட்டுகளிலிருந்து மீட்டுத் தந்தவர்கள் யார் என்று கேட்டுப் பார்ப்பதில்லை. கேட்டால், அதற்குரிய விடையில் பெரும்பகுதி நம்முடைய ஊரிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. மாம்பலத்தில் மின்சார ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்துக்குப் போனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாசலை அடைந்துவிடலாம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் ஸ்தாபிக்கப்பட்டது. ராபர்ட் சிஷோல்ம் என்ற கட்டடக்கலை நிபுணர் திட்டமிட்டு, 1874 முதல் 1879 வரை எழுப்பிய செனட் மண்டபத்தின் கோபுரங்களைக் கடற்கரைச் சாலையில் செல்லும் எவரும் பார்த்திருப்பார்கள். தொடக்கத்தில் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாக மட்டுமே இருந்த அது, இருபதாம் நூற்றாண்டில்தான் தானே ஆராய்ச்சியை மேற்கொள்ளும் இடமாக மாறியது. 1914-இல் இந்திய சரித்திரத்துக்கென ஒரு பேராசிரியர் பீடம் அமைந்து, அதில் எஸ். கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் அமர்ந்ததும், 1927-இல் கீழ்த்திசை மொழிகளுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் அந்த மாற்றத்தின் முக்கியமான படிகள். இன்று சேப்பாக்கம், மெரினா ஆகிய இரு வளாகங்களிலுமாகத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், சம்ஸ்கிருதம், ஹிந்தி, அரபி, பாரசீகம், உருது, ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகளுக்கும், சரித்திரத்துக்கும் தொல்லியலுக்கும் மானிடவியலுக்கும், தத்துவத்துக்கும் சங்கீதத்துக்கும் அங்கே துறைகள் இருக்கின்றன. சைவ சித்தாந்தம், வைஷ்ணவம், ஜைனம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய ஐந்து மரபுகளுக்கும் தனித்தனியே துறையோ மையமோ வைத்து, அவற்றை ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பயிலச் செய்திருக்கும் சிறப்பு வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று.

இந்த அமைப்பினால் நாட்டுக்கு விளைந்த நன்மை என்னவென்பதை அதன் காரியங்களைக் கொண்டே அளவிட வேண்டும். அவற்றுள் முதலில் சொல்லத் தக்கது தமிழ் லெக்ஸிகன் என்னும் பேரகராதி. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் உழைத்த பாதிரிமார்களின் முயற்சியால் 1862-இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியில் 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. அதை அடித்தளமாகக் கொண்டு, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் துரையின் தலைமையில் 1913-இல் தொடங்கிய லெக்ஸிகன் பணி, மு. இராகவையங்கார் போன்ற பண்டிதர்களின் நெடுங்கால உழைப்பினால் வளர்ந்து, 1926-இல் பதிப்பாசிரியப் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளையின் காலத்தில் வேகமும் செம்மையும் பெற்று, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், பின்னர் ஓர் அநுபந்தமாகவும் நிறைவெய்தியது. ஆறு தொகுதிகளில் மட்டும் 1,04,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. செலவு நான்கு லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. தொடங்கியவர் முடிவைக் காணவில்லை. முடித்தவர், இடையிலே வந்து சேர்ந்தவர். கால் நூற்றாண்டுக் காலம் பயன் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரியத்துக்குப் பணமும் ஆளும் தந்து கொண்டிருக்க அக்காலத்து நிர்வாகிகள் சம்மதித்திருக்காவிட்டால், சங்க நூல்களுக்கு உரை காண்பவரும், நீதிமன்றத்தில் பழைய சாசனத்துச் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியவரும் இன்று எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு நூல் இருந்திராது. பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி, தன் தமிழ்ப் பகுதிக்கு இந்த லெக்ஸிகனையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது என்பதை நினைத்தால், சேப்பாக்கத்தில் தொகுக்கப்பட்ட சொற்கள் உலகத்து மொழியாராய்ச்சிக்கு எவ்வளவு தூரம் பயன்பட்டன என்பது விளங்கும்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது, சம்ஸ்கிருதத் துறையின் பெரும் பட்டியல். ஆஃப்ரெக்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1891 முதல் 1903 வரை, உலகெங்கும் அறியப்பட்ட சம்ஸ்கிருதச் சுவடிகளின் பட்டியல்களையெல்லாம் ஒன்றுசேர்த்து மூன்று பாகங்களில் வெளியிட்டார். அதன்பின் வெளிவந்த எண்ணற்ற சுவடிப் பட்டியல்களையும் உட்படுத்திப் புதிய தொகுப்பொன்று செய்ய வேண்டுமென்று 1935-இல் சென்னையில் தீர்மானிக்கப்பட்டபோது, மகாமகோபாத்தியாய குப்புஸ்வாமி சாஸ்திரியார் அதற்கு வழிகாட்டினார். அவருடைய மாணாக்கரான வே. ராகவன் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமந்தார். முதல் தொகுதி 1949-இல் வெளிவந்தது. இன்றுவரை முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துள்ளன. காசியிலோ காத்மாண்டுவிலோ பாரிஸிலோ ஒரு கிரந்தத்தைப் பதிப்பிக்கப் புகுகின்ற அறிஞர், அதன் பிரதிகள் எங்கே உள்ளன என்று அறிய முதலில் நாடுவது மெரினாக் கரையில் உருவான அந்தத் தொகுதிகளைத்தான்.

மூன்றாவது உதாரணம் பலருக்குத் தெரியாதது. பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை நிற்கிறது. நவாபுகளின் காலத்துச் சரித்திரத்துக்கு மூலாதாரமான நூல்கள் பாரசீக மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழி அறியாதவருக்கு அந்தக் காலத்துச் சென்னையைப் பற்றிக் கிழக்கிந்தியக் கும்பெனியார் எழுதி வைத்த ஒரு தரப்புச் சாட்சியம் மட்டுமே கிடைக்கும். அரபி, பாரசீக, உருதுத் துறைக்குத் தலைமை வகித்த முகம்மது ஹுசைன் நயினார், அந்நூல்களுள் ஒன்றான ‘துசக்-இ-வாலாஜாஹி’யை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1934-இலும் 1939-இலும் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக வரச் செய்தார், அரபு பூகோள ஆசிரியர்கள் தென்னிந்தியாவைப் பற்றி அறிந்திருந்தவற்றைத் தொகுத்து 1942-இல் இன்னொரு நூலும் எழுதினார். அதே காலத்தில், அதே பல்கலைக்கழகத்தில், கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொண்டு சோழர் சரித்திரத்தை 1935-இலும் 1937-இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். மெகஸ்தனிஸ் முதல் மா ஹுவான் வரை அந்நிய யாத்திரிகர்கள் தென்னாட்டைப் பற்றி எழுதிய குறிப்புகளை 1939-இல் தொகுத்தளித்தார். சரித்திர ஆசிரியர் தேடிய கிரேக்க, சீன, அரபுச் சாட்சியங்களும், அரபி ஆசிரியர் தேடிய தென்னாட்டுத் துறைமுகங்களும் ஒரே வளாகத்தில், ஒரே புத்தகசாலையை அண்டியிருந்தன என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அந்தப் புத்தகசாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணித ஆசிரியராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924 முதல் இருபது ஆண்டுகள் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்து, 1931-இல் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளையும், 1933-இல் நூல்களை வகைப்படுத்தும் புதிய முறையையும் உலகுக்கு அளித்தார். புத்தகங்கள் பயன்படுவதற்கே என்பதும், ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய புத்தகம் உண்டு என்பதும் அவர் வகுத்த கொள்கைகள். பல சாஸ்திரங்களைப் பயில்வோர் ஒரே கூரையின் கீழ்க் கலந்து பழகிய சூழலில், அறிவை எவ்வாறு பிரித்து எவ்வாறு இணைப்பது என்ற கேள்வி அவருக்கு அன்றாடம் எதிர்ப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இம்மூன்று காரியங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகும் உண்மை இதுவே: மொழி, சரித்திரம், தத்துவம் முதலிய வித்தைகள் செழிப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் இன்றியமையாதவை. ஒன்று, அவை தம்முள் அண்டை வீட்டாராய் வாழ வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜனுடைய தமிழ்ச் சாசனத்தைப் படிப்பவருக்குச் சிறிது தள்ளி நாயக்கர் காலத்துச் சாசனங்களும் மராட்டியர் காலத்து மராத்திச் சாசனமும் எதிர்ப்படுகின்றன. தமிழ் மாத்திரம் அறிந்தவரால் தமிழ்நாட்டின் சரித்திரத்தை முழுவதும் எழுத முடியாது என்பதற்கு அந்தக் கோயிலே சாட்சி. மற்றொன்று, ஆசிரிய பரம்பரை அறுபடாமல் இருக்க வேண்டும். கிரந்த லிபியும் வட்டெழுத்தும் மராத்தியின் மோடி எழுத்தும், ஏட்டுச் சுவடியின் புள்ளியில்லாத எழுத்தைச் சரியாகப் படிக்கும் பழக்கமும், அருகிருந்து கற்பிப்பவர் இல்லாமல் அச்சிட்ட புத்தகத்தைக் கொண்டு மட்டும் பெறக் கூடியவை அல்ல. குப்புஸ்வாமி சாஸ்திரியாரிடம் ராகவன் கற்றதும், ராகவனிடம் அடுத்தவர்கள் கற்றதுமே அந்தப் பெரும் பட்டியலைத் தொடரச் செய்தன.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் இன்று தளர்ந்து வருகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் இடங்கள் பல ஆண்டுகளாக நிரப்பப்படாமல் இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் நிச்சயமற்ற நியமனத்தில் பாடம் நடத்துகிறார்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்வுக் கட்டணத்தையும் தொலைதூரக் கல்வியின் வருவாயையும் நம்பிச் செலவு செய்ய வேண்டிய நிலையில் பல்கலைக்கழகம் தள்ளாடுகிறது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக் காலம் முடிந்தபின் அந்த இடம் நீண்ட காலம் காலியாகவே கிடந்தது. 2024 பிப்ரவரியில், சுமார் 424 கோடி ரூபாய் வரி பாக்கிக்காக வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கிய செய்தி நாளேடுகளில் வந்தது. மாநிலத்தின் தாய்ப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்க முடியுமா என்று கவலைப்படும் நிலை அன்று நேர்ந்தது. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் இடையே நிகழும் வாதப் பிரதிவாதங்களில் எவர் பக்கம் நியாயம் அதிகம் என்பதை இங்கே ஆராயப் போவதில்லை. அந்த வாதங்கள் முடியும் வரை காத்திருக்க ஓர் ஆசிரியரின் ஓய்வு வயது இடம் கொடுப்பதில்லை என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. பாரசீகமும் தமிழும் ஒருங்கே அறிந்த அறிஞர் ஒருவர், வாரிசு இல்லாமல் ஓய்வு பெற்றுவிட்டால், பத்தாண்டு கழித்துப் பணம் வந்தாலும் அவர் இடத்தில் அமர்த்த ஆள் கிடையாது.

இதற்கு மறுமொழியாகச் சிலர் கூறும் வாதங்களைக் கவனிக்காமல் செல்வது நேர்மையாகாது. சேரும் மாணவர் தொகை மிகக் குறைவு, அவர்களுக்காக இத்தனை செலவு ஏன் என்பது முதல் வாதம். வெளிநாடுகளிலும் இவ்வாதம் பலமாக ஒலிக்கிறது. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 2015-இல் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு இத்துறைகளைக் குறைக்கவோ மாற்றியமைக்கவோ எழுதியது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2021-இல் தன் புகழ்பெற்ற தொல்லியல் துறையை மூட முடிவு செய்தது. ஆனால் லெக்ஸிகனைத் தொகுத்தவர்கள் ஒரு சிலரே. அதனால் பயனடைந்தவர்களை எண்ண முடியாது. இத்தகைய துறையின் பயன் அதில் சேர்ந்த மாணவர்களோடு நின்றுவிடுவதில்லையாதலால், சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டு மட்டும் அதன் மதிப்பைத் தீர்மானிப்பது நியாயமன்று.

தனியார் ஸ்தாபனங்கள் இவற்றைச் செய்கின்றனவே என்பது இரண்டாவது வாதம். 1886-இல் தோன்றிய அடையாறு நூலகமும், மயிலாப்பூரில் 1944 முதல் இயங்கும் குப்புஸ்வாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிலையமும், பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சாமிநாதையர் நூல் நிலையமும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா நூலகமும் இந்நகரத்தின் பாக்கியங்கள் என்பதில் மறுப்பில்லை. அவை சுவடிகளையும் நூல்களையும் காப்பாற்றுகின்றன, ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுகின்றன. எனினும் ஏழை மாணவன் ஒருவனுக்கு உதவித்தொகை கொடுத்து, ஐந்தாறு ஆண்டு கற்பித்து, பட்டம் வழங்கி, பின்பு அவனையே ஆசிரியனாக அமர்த்தும் பொறுப்பைப் பொதுப் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகந்தான் ஏற்க முடியும். தனியார் நூலகங்களுக்கு வந்து சுவடியைப் பிரிக்கப்போகும் அடுத்த தலைமுறையும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

யந்திரமே மொழிபெயர்த்துவிடும் காலத்தில் பண்டிதர்கள் எதற்கு என்பது மூன்றாவது வாதம். யந்திரம் கற்றுக்கொள்வது மனிதர் எழுதி வைத்த நூல்களிலிருந்தும் அகராதிகளிலிருந்துந்தான். லெக்ஸிகன் வெளிவந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகிறது. அதன்பின் அச்சேறிய நூல்களும் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டுகளும் வழக்கில் வந்த புதுச் சொற்களும் ஏராளம். அவற்றைச் சேர்த்து அதைத் திருத்தி விரிவாக்கும் பணி நிறைவேறாவிட்டால், யந்திரம் நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் தமிழ் நூறாண்டுக்கு முந்தைய அறிவோடு நின்றுவிடும். யந்திரம் பெருகப் பெருகப் பண்டிதரின் தேவை கூடுகிறதென்பதே என் அபிப்பிராயம்.

பணமில்லை என்ற பதிலையும் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டபோது, உலகெங்குமுள்ள தமிழர்கள் வாரி வழங்கினார்கள். தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. அது நல்ல காரியம். அதைச் செய்தவர்கள் வாழ்த்துக்குரியவர்கள். அதே உள்ளங்களுக்குச் சேப்பாக்கத்தின் தேவையும் தெரியவேண்டும். கடல் கடந்த கலாசாலையில் ஒரு பீடம் நிலைபெறத் தந்த தமிழருக்கு, இங்கே ஏற்கெனவே நிலைபெற்ற பீடங்கள் வெறுமையாய்க் கிடப்பதைத் தாங்கிக்கொள்ள மனம் வராது என்று நம்புகிறேன்.

ஆகவே அரசையும் பல்கலைக்கழகத்தாரையும் நான் கேட்டுக்கொள்வன நான்கு. ஒவ்வொரு மொழிக்கும் மரபுக்கும் நிரந்தரமான ஆசிரியர் பதவி உறுதி செய்யப்பட்டு, பதவியில் உள்ளவர் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்பே அடுத்தவர் நியமிக்கப்பட்டு, இருவரும் சேர்ந்து பணியாற்ற வகை செய்ய வேண்டும். லெக்ஸிகனின் திருத்தம், சுவடிப் பட்டியல் போன்ற நெடுங்காலப் பணிகளுக்கென்று, வேறு செலவுக்கு மாற்ற முடியாத மூலதன நிதியொன்று அமைத்து, ஆண்டுதோறும் எவ்வளவு வேலை முடிந்ததென்று பொதுமக்களுக்கு அறிக்கை தர வேண்டும். கல்வெட்டுப் படிப்பு, கிரந்த லிபி, சுவடி வாசிப்பு, இந்தியத் தத்துவம் ஆகியவற்றில் மாலை வகுப்புகளை வயது வரம்பின்றி நடத்த வேண்டும். வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் உழைத்து ஓய்வு பெற்று, படிக்கப் பொழுதும் ஆர்வமும் உள்ள ஆயிரக்கணக்கானோர் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் இருக்கிறார்கள், அவர்கள் கட்டணம் செலுத்தவும் தயாராக இருப்பார்கள். பொறியியலும் வைத்தியமும் பயிலும் மாணவர்கள் இத்துறைகளில் ஒரு பாடமேனும் கற்று அதற்குரிய மதிப்பெண்ணைத் தம் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள வழி வகுக்க வேண்டும்.

நம்முடைய கடமையும் சிறிதன்று. பிள்ளை ஒருவன் சரித்திரம் படிக்கிறேன் என்றால், பெண் ஒருத்தி சம்ஸ்கிருதமோ பாரசீகமோ கற்கிறேன் என்றால், என்ன உத்தியோகம் கிடைக்குமென்று கேட்பதற்கு முன், அவர்கள் எதைக் கண்டு அதில் ஈடுபட்டார்கள் என்று ஒரு தடவை கேட்போம். ஆசிரியப் பணி, ஆவணக் காப்பகம், தொல்லியல் துறை, பத்திரிகை, பதிப்பகம், மொழித் தொழில்நுட்பம் எனப் பல வாசல்கள் அவர்களுக்காகத் திறந்திருக்கின்றன என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்வோம். தேர்தல் காலத்தில் சாலைக்கும் குடிநீருக்கும் வேட்பாளரிடம் உத்தரவாதம் கேட்கும் நாம், பல்கலைக்கழகத்து ஆசிரியர் இடங்கள் எப்போது நிரப்பப்படும் என்பதையும் அவரிடம் கேட்போம். தமிழின் பெருமையைப் பேசும் கட்சிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. சேப்பாக்கத்திலும் மெரினாவிலும் காலியாக உள்ள ஆசிரியர் இடங்களை வரும் கல்வியாண்டுக்குள் நிரப்புவதுதான் அந்தப் பதிலாக இருக்க முடியும்.